அடி (கர்ப்பப்பை) இறங்கியிருக்கிறதா? எந்த வைத்தியம் உங்களுக்கு ஒத்துவரும் என்று பார்க்கும் முறை

பலாப்பழக் காலத்தில்தான் எனக்கு முதலில் தெரிந்தது. பண்ருட்டியில் இருந்து தம்பி கொண்டுவந்து போட்ட பழத்தை வாசலில் இருந்து அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். 15 கிலோ இருக்கும். அன்று சாயங்காலம் குளிக்கும்போது கீழே கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. உரித்த கோழிமுட்டை மாதிரி வழவழப்பாக இருந்தது. வலி இல்லை. படுத்து எழுந்தால் காணோம். மறுநாள் பொழுது சாயும்போது மறுபடி முட்டியது.

குறிஞ்சிப்பாடி பக்கத்து ஊர்களில் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். "அடி இறங்கிப்போச்சும்மா", "கீழ சதை தள்ளுது", "உட்கார்ந்தா பந்து மேல உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்று எத்தனையோ பெண்கள் என் காதோடு சொல்லியிருக்கிறார்கள். கர்ப்பப்பை இறக்கம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இருந்தும் எனக்கே வந்தபோது 7 மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த 7 மாதத்தை இன்னொருத்தி கழிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வாய் திறந்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். முதலில் போன தனியார் கிளினிக்கில் என்னைப் பார்த்தது ஐந்து நிமிடம்கூட இருக்காது. "வயசாயிடுச்சு, குழந்தை பெத்தாச்சு, கர்ப்பப்பையை எடுத்துடலாம், எப்ப வர்றீங்க?" என்று கேட்டார்கள். வேறு வழி உண்டா என்று ஒரு வார்த்தை இல்லை. வேறு வழிகள் உண்டு. நான் இன்று வரை அறுவை சிகிச்சை செய்துகொள்ளவில்லை, நன்றாக நடமாடுகிறேன். அதே நேரம் என் நாத்தனார் அறுவை சிகிச்சை செய்துகொண்டார், அவருக்கு அதுதான் சரி. இரண்டு பேருக்கும் ஒரே பெயருள்ள நோய். ஆனால் எங்கள் உடம்பும் வேலையும் வீடும் வேறு வேறு. ஆகவே ஒப்பிடுவதை உங்களிடம் இருந்து தொடங்குங்கள், வைத்தியம் அப்புறம்.

முதலில் ஒரு நோட்டு எடுங்கள்

ஒரு பக்கத்தில், உங்களை அதிகம் படுத்துவது எது என்று எழுதுங்கள். ஒன்றே ஒன்று. முட்டிக்கொண்டு நிற்கும் அந்தச் சதையா, மூத்திரம் முழுசாகப் போகாமல் திரும்பத் திரும்ப ஓடுவதா, இருமினால் நனைவதா, விரல் வைத்து அழுத்தினால்தான் மலம் போகிறது என்ற நிலையா, கணவரோடு சேர்வதில் சங்கடமா, இடுப்பு இழுக்கும் வலியா? பெண்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் சேர்த்து "ஒரே அவஸ்தை டாக்டர்" என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னால் எந்த வைத்தியம் எதைத் தீர்த்தது என்று பின்னால் பார்க்க வழியில்லாமல் போகும். என் நோட்டில் முதல் வரி: "மூத்திரம் பாதியில் நிற்கிறது. எழுந்து நின்று மறுபடி உட்கார வேண்டியிருக்கிறது."

அடுத்த பக்கத்தில் உங்கள் வாழ்க்கையை எழுதுங்கள். இன்னும் பிள்ளை வேண்டுமா? கணவன் மனைவி உறவு உண்டா? என்ன வேலை? கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் வாங்கி அன்னக்கூடையில் தூக்கி விற்கும் பெண்ணுக்கும், வீட்டோடு இருக்கும் எனக்கும் ஒரே பதில் வராது. 6 வாரம் குடம் தூக்காமல் இருக்க முடியுமா, யார் சமைப்பார்கள்? சர்க்கரை, பிரஷர், இதயம், ஆஸ்துமா உண்டா? 3 மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வரத் துணை உண்டா? இந்தப் பக்கத்தைத்தான் டாக்டர் கேட்க மறந்துவிடுகிறார், நாமும் சொல்ல வெட்கப்படுகிறோம்.

மூன்றாவது பக்கம் டாக்டரிடம் கேட்டு நிரப்புவது. இறங்கியிருப்பது எது, எவ்வளவு? எல்லாவற்றையும் நாம் கர்ப்பப்பை என்று சொல்லிவிடுகிறோம். முன்சுவர் தொங்கினால் அது சிறுநீர்ப்பை. பின்சுவர் தள்ளினால் அது மலக்குடல். நடுவில் இறங்குவதுதான் கர்ப்பப்பை. ஏற்கெனவே கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு அந்த இடத்தின் மேல்முனையே இறங்கலாம். இரண்டு மூன்றும் சேர்ந்து வருவது சகஜம். எனக்கு முன்சுவர்தான் அதிகம், கர்ப்பப்பை லேசாகத்தான் இறங்கியிருந்தது. கர்ப்பப்பையை மட்டும் எடுத்திருந்தால் என் நோட்டின் முதல் வரி அப்படியே இருந்திருக்கும்.

எவ்வளவு என்பதற்கு நான்கு நிலை சொல்வார்கள். பெண்ணுறுப்பின் வாசலை அளவாக வைத்துப் பாருங்கள். வாசலுக்கு 1 சென்டிமீட்டருக்கு மேலேயே நின்றுவிட்டால் முதல் நிலை. வாசலை ஒட்டி, 1 சென்டிமீட்டர் மேலேயோ கீழேயோ இருந்தால் இரண்டாவது. அதைத் தாண்டி வெளியே வந்தால் மூன்றாவது. முழுக்க வெளியே வந்துவிட்டால் நான்காவது. காலையில் படுக்க வைத்துப் பார்த்தால் குறைவாகத் தெரியும், ஏனென்றால் ராத்திரி முழுக்கப் படுத்திருக்கிறோம். "சாயங்காலம் இதைவிட அதிகமா வருது, முக்கச் சொல்லியோ நிக்க வெச்சோ பாருங்க" என்று நீங்களே சொல்லுங்கள். தப்பே இல்லை.

ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழி

இது புற்றுநோய் கிடையாது. தொந்தரவு இல்லாத முதல் நிலை, இரண்டாம் நிலைக்கு அவசரமாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் கீழே தள்ளும் பாரத்தைக் குறைக்க வேண்டும். மலச்சிக்கலுக்கு முக்காமல் போகும்படி கீரை, பழம், தண்ணீர்; தேவைப்பட்டால் மருந்து. நாள்பட்ட இருமலுக்கு வைத்தியம். உடம்பு எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது. பலாப்பழத்தை நான் இப்போது வாசலிலேயே அறுத்துச் சுளையாகத்தான் உள்ளே கொண்டுபோகிறேன்.

தயவுசெய்து செய்யக்கூடாத ஒன்று உண்டு. துணியைப் பந்தாகச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு நடவுக்குப் போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். வேறு வழி இல்லாமல் செய்தார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அது புண்ணாகும், சீழ் பிடிக்கும். அவர்கள் தேடியது உண்மையில் ரிங்கைத்தான் (இறங்கியதைத் தாங்க உள்ளே வைக்கும் வளையம்), யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லவில்லை.

இடுப்படித் தசைப் பயிற்சி: எதைச் செய்யும், எதைச் செய்யாது

காற்று பிரியாமல் அடக்குவது போலவும், மூத்திரத்தை அடக்குவது போலவும் ஒரே நேரத்தில் உள்ளே இழுத்து மேலே தூக்குங்கள். வயிறு, தொடை, பிட்டம் இறுகக்கூடாது, மூச்சை அடக்கக்கூடாது. முடிந்த அளவு வினாடி பிடித்து, அதே அளவு நேரம் தளர விட வேண்டும். மெல்ல மெல்ல 10 வினாடிக்குக் கொண்டுவாருங்கள். ஒரு தடவைக்கு 8 முதல் 10 முறை, ஒரு நாளைக்கு மூன்று தடவை. மூத்திரம் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள். தசை எது என்று தெரிந்துகொள்ள ஒருமுறை பார்க்கலாம், அதோடு சரி.

நான் பல வருடம் இதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கே பிசியோதெரபிஸ்ட் விரல் வைத்துப் பார்த்தபோது, "அம்மா, நீங்க தூக்கலை, முக்குறீங்க" என்றார். தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். முக்கினால் இன்னும் இறங்கும். அதனால் ஒருமுறையாவது தெரிந்தவர் கையால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலில் முதல், இரண்டாம் நிலைக்கு, கற்றுக்கொடுப்பவர் மேற்பார்வையில் குறைந்தது 16 வாரம் என்று சொல்லியிருக்கிறது. பத்து நாள் செய்துவிட்டுப் பலன் இல்லை என்று விடுகிறவர்கள்தான் அதிகம்.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். முட்டும் உணர்வு, பாரம், இருமினால் நனைவது, இவை குறையும். வெளியே வந்துவிட்ட மூன்றாம், நான்காம் நிலை பயிற்சியால் உள்ளே போய்விடாது. அப்படி யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

ரிங்

சிலிகான் அல்லது பிவிசி வளையம். பெஸரி என்று டாக்டர்கள் சொல்வார்கள். நம் பக்கத்தில் ரிங் என்றால்தான் புரியும். என்னுடையது உள்ளங்கையை நிறைக்கும் அளவு, இட்லித் தட்டின் ஒரு குழி அகலம் இருக்கும். இரண்டு விரலால் அழுத்தினால் பாதியாக மடியும். மடித்து உள்ளே விட்டு விரலை எடுத்தால் உள்ளே விரிந்து, இறங்கியதைத் தாங்கிக்கொள்ளும். சரியான அளவு என்றால் வைத்திருப்பதே தெரியாது. தெரிந்தால் அளவு தப்பு.

வைத்த உடனே வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அங்கேயே வராண்டாவில் நடங்கள், குத்துக்காலிட்டு உட்காருங்கள், இருமுங்கள், கழிப்பறைக்குப் போய் மூத்திரம் தாராளமாகப் போகிறதா என்று பாருங்கள். முதல் அளவே பொருந்தும் என்று இல்லை. எனக்கு இரண்டாவது அளவுதான் நின்றது.

யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: ரிங் வைத்துக்கொண்டு புதுச்சேரியில் இருந்து கடலூர் பஸ்ஸில் திரும்பும்போது இருமல் வந்தது, பாவாடை நனைந்துவிட்டது. அதுவரை எனக்கு அந்தத் தொந்தரவே இல்லை. பயந்துபோய் ரிங்கைக் கழற்றிவிடலாம் என்றுகூட நினைத்தேன். காரணம் பிறகுதான் புரிந்தது. தொங்கிய சிறுநீர்ப்பை மடிந்து கிடந்ததால் குழாய் அடைபட்டு இருந்தது. தூக்கி நிறுத்தியதும் அந்த மடிப்பு நேரானது, உள்ளே மறைந்திருந்த கசிவு வெளியே தெரிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் சிலருக்கு இப்படி ஆகும். அதனால் எந்த வைத்தியத்துக்கும் முன்னால், "தூக்கி வெச்சுட்டு இருமச் சொல்லிப் பாருங்க, கசியுதான்னு" என்று கேளுங்கள். எனக்குப் பயிற்சியைச் சரியாகச் செய்த பிறகு கசிவு பெரும்பாலும் அடங்கியது. பாதியில் நின்ற மூத்திரம் ரிங் வைத்த அன்றே சரியானது.

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கும் நாளில் நானே ரிங்கைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, மறுபடி வைத்துக்கொள்கிறேன். வைக்கும்போது எண்ணெய், வாசலின் வேண்டாம். தண்ணீரில் கரையும் ஜெல்லி போதும். தானே கழற்ற முடியாதவர்கள் டாக்டர் சொல்லும் இடைவெளியில், பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, போய்க் கழுவி மாற்றி, உள்ளே புண் இருக்கிறதா என்று பார்த்துவர வேண்டும். வளைய வடிவ ரிங்கோடு தாம்பத்தியமும் முடியும். கெல்ஹார்ன் என்ற தண்டு வைத்த வகையில் முடியாது. கியூப் வகையை ராத்திரி ராத்திரி கழற்ற வேண்டும். ஆகவே எந்த வகை என்று பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மாதவிடாய் நின்றவர்களுக்கு உள்ளே தோல் மெலிந்து உலர்ந்திருக்கும். அதற்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரஜன் கிரீம் கொடுப்பார்கள். ரிங் உறுத்தாமல் இருக்க அது உதவும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ரிங்கில் எனக்குப் பெரிய பயம் ஒன்றுதான்: மறந்துபோவது. நான் வேலையில் இருந்தபோது ஓர் ஆயாவை நாற்றமும் ரத்தமுமாகக் கூட்டிவந்தார்கள். எத்தனையோ வருடத்துக்கு முன்னால் வைத்த ரிங், சதையோடு ஒட்டிப்போய் இருந்தது. வைத்தது அவருடைய வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும், அவரும் காலமாகிவிட்டார். மருமகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அப்படியே விட்டால் சிறுநீர்ப்பைக்கோ மலக்குடலுக்கோ ஓட்டை விழும் அளவுக்குக்கூடப் போகும். வீட்டில் ஒருவருக்காவது சொல்லுங்கள். அடுத்து எப்போது போக வேண்டும் என்று காலண்டரில் எழுதி வையுங்கள்.

அறுவை சிகிச்சை பற்றி

தூளிச் சேலை நைந்துபோனால் பிள்ளையை இறக்கி வைப்பதால் மட்டும் சேலை சரியாகிவிடுமா? கர்ப்பப்பை இறக்கமும் அப்படித்தான். பிரசவமும் வயதும் பாரமும் சேர்ந்து தாங்கும் தசையையும் நாண்களையும் தளர்த்திவிட்டன. கர்ப்பப்பை அதன் மேல் கிடந்தது, அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டு, தாங்கும் பகுதியைச் சரியாகக் கட்டாமல் விட்டால், மேல்முனை மறுபடி இறங்கும். அதனால் நான் எல்லோரையும் கேட்கச் சொல்லும் கேள்வி இதுதான்: "எடுத்த பிறகு மேல் பகுதியை எதோடு சேர்த்துக் கட்டுவீங்க? முன்சுவர், பின்சுவர் எதை எல்லாம் தைப்பீங்க?" நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், படம் வரைந்து காட்டுவார்.

என் நாத்தனாருக்கு நான்காம் நிலை. வெளியே வந்த பாகம் உரசி உரசிப் புண்ணாகி இருந்தது. ரிங் இரண்டு முறை வைத்தும் குத்துக்காலிட்டு உட்கார்ந்ததும் விழுந்துவிட்டது. சர்க்கரையும் உண்டு. முதலில் மருந்து தோய்த்த துணியை உள்ளே வைத்துப் புண்ணை ஆற்றினார்கள், சர்க்கரையைக் கட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம் முதுகில் ஊசி போட்டு, கீழ் வழியாகவே கர்ப்பப்பையை எடுத்து, சுவர்களைத் தைத்து, மேல்முனையை உள்ளே உள்ள நாணோடு கட்டினார்கள். வயிற்றில் தையல் இல்லை. மூத்திரக் குழாய் இரண்டு நாள் இருந்தது, நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். கஷ்டம் வீட்டில்தான். 6 வாரம் குடம், மாவுச் சட்டி, பேரன் எதையும் தூக்கக்கூடாது, தாம்பத்தியம் கூடாது, மலம் முக்கக்கூடாது. பேரனைத் தூக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மருமகளை உட்காரவைத்து முன்கூட்டியே பேசியதால்தான் தாக்குப்பிடிக்க முடிந்தது.

கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டும் முறைகளும் உண்டு. பிள்ளை வேண்டும் என்கிற இளம் பெண்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். நம் நாட்டு மருத்துவர்களான ஷிரோட்கர், புரந்தரே போன்றவர்களின் பெயரிலேயே இதற்கான அறுவை சிகிச்சைகள் இருக்கின்றன. ஆனால் முடிந்தால் பிள்ளைப்பேறு முடியும் வரை ரிங்கில் ஓட்டிவிட்டு, பிறகு அறுவை சிகிச்சை பற்றி யோசிப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம். அடுத்த பிரசவம் தைத்ததைத் தளர்த்திவிடலாம்.

மிகவும் வயதானவர்கள், இனி தாம்பத்தியம் வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்கு, பெண்ணுறுப்பின் பாதையையே தைத்து மூடிவிடும் சிறிய அறுவை சிகிச்சை இருக்கிறது. சீக்கிரம் முடியும், மறுபடி இறங்குவது மிகக் குறைவு. இதயக் கோளாறு உள்ள என் பெரியம்மாவுக்கு இதைத்தான் சொன்னார்கள். மூடிய பிறகு கர்ப்பப்பை வாயைப் பரிசோதிக்க முடியாது, அதனால் ஸ்கேனும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் சோதனையும் முன்னாலேயே முடிக்க வேண்டும். தாம்பத்தியம் வேண்டுமா வேண்டாமா என்று அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்க வேண்டும். மகனோ மகளோ பதில் சொல்லக்கூடாது.

தளர்ந்த இடத்தைத் தாங்க வைத்துத் தைக்கும் செயற்கை வலை (மெஷ்) பற்றிப் பலர் கேட்கிறார்கள். கீழ் வழியாகப் பெண்ணுறுப்பின் சுவரில் வலை வைத்துத் தைக்கும் முறையில் வலி, வலை வெளியே துருத்துவது போன்ற சிக்கல்கள் வந்ததால், 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ அந்த வலைகளின் விற்பனையை நிறுத்த உத்தரவிட்டது. வயிற்று வழியாக, லேப்ராஸ்கோப்பில், மேல்முனையை முதுகெலும்பின் கீழ்ப்பகுதியோடு வலையால் கட்டுவது வேறு முறை. அது இன்றும் நடக்கிறது. உங்களுக்கு வலை வைப்பதாக இருந்தால் எந்த வழியாக, எங்கே என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ரிங்கா அறுவை சிகிச்சையா என்று தடுமாறுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நெதர்லாந்தில் 440 பெண்களை இரண்டு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2022இல் வெளியானது. 2 வருடம் கழித்து, ரிங்கில் தொடங்கியவர்களில் 100க்கு 76 பேரும், அறுவை சிகிச்சையில் தொடங்கியவர்களில் 100க்கு சுமார் 81 பேரும் தேறியிருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் ரிங்கில் தொடங்கியவர்களில் பாதிக்கும் மேலானோர் இடையில் அறுவை சிகிச்சைக்கு மாறிவிட்டார்கள். நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: ரிங்கில் தொடங்கினால் எதையும் இழப்பதில்லை, ஒத்துவராவிட்டால் மாறிக்கொள்ளலாம். எடுத்த கர்ப்பப்பையைத் திரும்ப வைக்க முடியாது. அதனால் புண்ணோ மூத்திர அடைப்போ இல்லாதவர்கள் பயிற்சியும் ரிங்குமாகத் தொடங்குவதையே நான் சொல்வேன். கூடையோ மூட்டையோ தூக்கியே ஆக வேண்டும், அடிக்கடி வரத் துணை இல்லை, ரிங் விழுந்துகொண்டே இருக்கிறது என்றால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

யோசிக்க நேரமில்லாத நிலைகளும் உண்டு. மூத்திரம் அடியோடு நின்றுவிட்டால், வெளியே வந்தது உள்ளே போகாமல் வீங்கி வலித்தால், புண்ணில் சீழோ நாற்றமோ வந்தால் அன்றைக்கே போங்கள். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால், "அடி இறங்கியதால்தான்" என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாமல் உடனே காட்டுங்கள். அது புற்றுநோய் இல்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டியது டாக்டர்.

கடலூரில் இருப்பவர்கள் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையின் மகளிர் பிரிவில் தொடங்கலாம். புதுச்சேரி பக்கம் என்றால் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், சொல்லப்படும் அறுவை சிகிச்சை அதில் வருமா என்று சேர்வதற்கு முன்னால் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். கூட்டமாகத்தான் இருக்கும், காலையிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பழைய சீட்டு, மாத்திரை அட்டை, அந்த நோட்டு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கூட வர ஒரு பெண் இருந்தால் நல்லது. பதற்றத்தில் பாதி காதில் விழாது, அவர் எழுதிக்கொள்வார்.

எங்கள் தெருவில் பூக்கட்டும் ஓர் அக்கா போன வாரம் என் திண்ணையில் வந்து உட்கார்ந்து, ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "உங்களுக்கும் இருக்காமே?" என்று கேட்டார். திங்கட்கிழமை இரண்டு பேரும் ஏழு மணி பஸ்ஸுக்குப் போகிறோம். இரண்டு பக்கம் எழுதிவிட்டார். மூன்றாவது பக்கம் அங்கே போய்த்தான்.